அம்மன் கோயிலுக்குப் போன ஃபேன்

ஏப்ரல் 9, வியாழன்

பாப்பா பெங்களூரிலிருந்து அனுப்பிய பெட்டி மதியம் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் இவர். தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிரிக்க மட்டும் விடவில்லை. வியாழக்கிழமை மதியம் ராகு காலமாம். பாப்பா காசு கொடுத்து வாங்கியபோது எந்தக் காலம் என்று கேட்டேன். முறைத்தார்.

மூன்று மணிக்கு மேல் பிரித்தோம். மர நிறத்தில் ஒரு ஃபேன், தனி உறையில் ஒரு ரிமோட். பாப்பா போனில், "அம்மா, இது உன்னோட சமையல்கட்டுக்கு வாங்கினது. அப்பாகிட்டக் குடுத்துடாத" என்றாள். இவருக்கும் அது கேட்டது.

"ரிமோட்டு ஃபேனக் கொண்டுபோயி யாராச்சும் சமையல்கட்டுல மாட்டுவாங்களா? எண்ணெப் பிசுக்குல ஒரு மாசம் தாங்காது. புதுச ஹால்ல போட்டுட்டு பழச உனக்கு மாட்டிக்கலாம் புள்ள."

சரி என்றேன். எனக்கும் பழையதுதான் வேண்டும். செம்புக் கம்பி சுற்றிய கெட்டியான ஃபேன். இப்போது வருகிற எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

போன சித்திரையில் அடுப்படியில் எனக்குத் தலை சுற்றியதை பாப்பா மயக்கம் மயக்கம் என்று பெரிதாக்கிவிட்டாள். கஞ்சி கொட்டிக் கை வெந்தது நிஜம். "அனல்ல நிக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். அனலில் நிற்காமல் எப்படிச் சமைப்பது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் சமையல்கட்டுக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மேலே மொட்டைமாடித் தளம். கரூர் வெயில் முழுவதும் அதில்தான் இறங்குகிறது. மே நாலாம் தேதி அக்கினி நட்சத்திரம் பிறக்கிறது. அதற்குள் அங்கே ஒரு ஃபேன் சுற்ற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

எலெக்ட்ரீசியன் ஜெயசீலன் வருகிறேன் என்றான், வரவில்லை. ரசம் தாளிக்கும்போது வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஜெயசீலன் வந்தான். பழைய ஃபேனைக் கழற்றி மேலிருந்து நீட்டினான், கீழே நின்று நான்தான் வாங்கினேன். என்ன கனம்! ஒரு இறக்கையின் நுனியில் சின்ன நசுங்கல் இருக்கிறது. பாப்பா தவழ்கிற வயதில் எவர்சில்வர் டம்ளரை மேலே வீசி விளையாடியதில் ஏற்பட்டது. மூன்று இறக்கைகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, செய்தித்தாள் விரித்துச் சமையல்கட்டு வாசலில் வைத்தேன்.

புதியது ஹாலில் ஏறிவிட்டது. சத்தமே இல்லை, காற்றும் நன்றாகத்தான் வருகிறது, பொய் சொல்லக்கூடாது. சுவரிலிருந்த ரெகுலேட்டரைக் கழற்றி அந்த இடத்தை வெள்ளைத் தகடு வைத்து மூடிவிட்டான் ஜெயசீலன். இத்தனை வருடம் யார் வேண்டுமானாலும் எட்டித் திருப்பிக்கொண்டோம். இனி ரிமோட் யாரிடமோ அவர் வைத்ததுதான் காற்று. ரிமோட் இவர் சட்டைப்பையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சமையல்கட்டுல கொக்கி இல்லீங்களே அக்கா. தளத்துல ஓட்டை போட்டு போல்ட்டு இறக்கோணும். டிரில்லிங் மிஷினு கொண்டாறல. நாளன்னைக்கு வாரனுங்."

இவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "அது அக்கினி மூலையப்பா. அங்க காத்தாடி போட்டா வாயு வந்து ஏறிக்கும். வாஸ்துப்படி ஆகாதும்பாங்க" என்றார்.

"என்னைய அந்த மூலையில நிக்க வைக்கறதுக்கு வாஸ்து ஒண்ணும் சொல்லலீங்களா?" என்றேன்.

ஜெயசீலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணியை மடக்கினான். இவர், "சரி சரி, பாக்கலாம்" என்றார். இவர் வாயில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தமென்று இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை நம்பினேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். இவருடைய பழைய ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் சாப்பிட வந்தார்கள். அவர்களுக்கு ரிமோட் வித்தை காட்டினார், ஒன்று, இரண்டு, அஞ்சு. அவர்கள் ஹாலில் குளுகுளுவென்று இருக்க, நான் வடைச் சட்டிமுன் நின்றேன். பிறகு கோயில் கமிட்டிக் கூட்டம் என்று கிளம்பியவர் ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டு ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டே போய்விட்டார். கடைசியாக உட்கார்ந்து நான் சாப்பிட்டபோது அந்த ஃபேன் என்னைப் பார்த்துச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. வந்த கோபத்தில் பாயசத்தைத் தொடவில்லை. அதுவும் முட்டாள்தனம், நான் வைத்த பாயசம்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் கமிட்டியில் இவரைச் சேர்த்திருக்கிறார்கள். யூனியன் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தவர், ரிட்டயர் ஆனதிலிருந்து வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. கமிட்டி என்றதும் வேட்டிக்குக் கஞ்சி போடச் சொல்கிறார். சித்ரா பௌர்ணமிக்குள் ஆளுக்கொரு உபயம் செய்ய வேண்டுமென்று பேசிக்கொண்டார்களாம். "விளக்குக்கு ஒரு டின் எண்ணெய் வாங்கிக் குடுங்க" என்றேன். "எண்ணெயில பேரு எழுத முடியுமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

காலையில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சமையல்கட்டு வாசலில் ஃபேன் இல்லை, செய்தித்தாள் மட்டும் இருந்தது. கேட்டேன்.

"சர்வீசுக்குக் குடுத்திருக்குது. பேரிங்கு மாத்தி, ஆயில் விட்டு, புதுசாட்டம் வரும்."

நான் கேட்காமலே செய்திருக்கிறார். இந்த மனிதரைப் பற்றி இந்த நோட்டில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், இதையும் எழுதத்தான் வேண்டும். மாலையில் வெல்லம் கரைத்து அவருக்குப் பிடித்த கச்சாயம் சுட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 18, சனி

பேரிங் கிடைக்கவில்லையாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்றைக்குப் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தரையில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது, கன்னத்துக்கு இதமாக இருந்தது. கேஸ் நாற்றம் வந்த பிறகுதான் எழுந்தேன். பாப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் தேய்க்க அரைமணி நேரம் பிடித்தது, அதுதான் எரிச்சல்.

இவர் வந்து, "காப்பி இன்னும் வரலையா?" என்றார். "பால் பொங்கிருச்சு" என்றேன். "பாத்து வைக்கறதில்லையா?" என்றார். ஃபேன் எப்போது வருமென்று கேட்டேன். ஜெயசீலனைக் கேட்கணும் என்றார். சாயங்காலம் தெருமுனையில் ஜெயசீலனையே பார்த்தேன். "சர்வீசுங்களா? எங்கிட்ட ஒண்ணும் குடுக்கலீங்களே அக்கா" என்றான். வேறு கடையில் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றைக்கு எழுத்து கோணலாக வரும்.

பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலிருந்து காற்று வந்தது. போன வெள்ளி அங்கே ஃபேன் இல்லை. நல்ல காரியம் யார் செய்தது என்று அண்ணாந்து பார்த்தேன். ஓடுகிற ஃபேனில் ஒரு சிவப்பு வளையம்தான் தெரிந்தது. கரண்ட் போனது. ஃபேன் மெதுவானது, நின்றது.

ஒரு இறக்கையில் 'உபயம்'. அடுத்ததில் 'அமரர் மாரப்பன் நினைவாக'. மூன்றாவதில் 'மா. சென்னியப்பன், சூப்பிரண்டு (ஓய்வு)'. சிவப்பு எனாமலில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. சென்னியப்பன் என்ற பெயருக்குப் பக்கத்தில், நுனியில், பாப்பா செய்த நசுங்கல்.

பூசாரி குப்பண்ணன், "நம்ம சூப்பிரண்டய்யா குடுத்ததுங்க அம்மிணி. அப்பாரு ஞாபகமா" என்றார். அவர் மேல் தப்பில்லை.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இது என் தேங்காய். அதையும் உடைத்து, அதன் மேல் இவர் அப்பன் பெயரையும் எழுதி!

மாமனாருக்கும் அந்த ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்? பாப்பா பிறந்து மூன்றாம் மாதம் அவளோடு தாய்வீட்டிலிருந்து இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பங்குனி வெயில். வீட்டில் ஒரே டேபிள் ஃபேன், அதுவும் மாமனார் கட்டிலைப் பார்த்து நிற்கும். ஹாலில் கிடந்த எனக்கும் குழந்தைக்கும் காலண்டர் அட்டை. எங்கப்பன் குழந்தையைப் பார்க்க வந்தார். குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு. காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபேன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர், ஸ்குரூ டிரைவர் எப்போதும் இடுப்பில் இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி அவரே மாட்டினார். "கரண்டு பில்லு யாரு கட்டறதுங்க சம்பந்தி?" என்று மாமனார் கேட்டார். எங்கப்பன் சிரித்துக்கொண்டே இறங்கி ஸ்டூலைத் துடைத்து வைத்தார். அந்த ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டார். இந்த வீட்டில் அவர் கை பட்ட பொருள் அது ஒன்றுதான் இருந்தது.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். பிரசாதம் வாங்கவில்லை.

ஏப்ரல் 25, சனி

கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம்தான் கேட்டேன், எழுந்து ஓட முடியாதே.

"சாமிக்குத்தான குடுத்தேன்? சந்தையிலயா கொண்டுபோயி வித்தேன்?"

"யாரக் கேட்டுங்க குடுத்தீங்க? சர்வீசுக்குப் போயிருக்குதுன்னு எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"சொன்னா நீ உடுவியா?"

"உடமாட்டேன்னு தெரியுதுங்கல்ல!"

தட்டைத் தள்ளினார். "சும்மா கெடந்த பழைய ஃபேனு. நாலு பேரு உக்கார்ற எடத்துல ஓடட்டும்னு குடுத்தேன். ஒரு பேரு எழுதிக்கிட்டது அவ்வளவு பெரிய குத்தமா? ஆபீசு வாசல்ல என் பேரு போட்ட பலகை இருந்துச்சு. போன மாசம் போயிப் பாத்தா அதுல கரியத் தடவி வேற ஒருத்தன் பேரு எழுதியிருக்கறாங்க. உனக்கு அதெல்லாம் எங்க புரியும்?"

அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆனது. எனக்குப் பாவமாக இல்லை. பாவமாக இல்லை என்றே இங்கே எழுதி வைக்கிறேன். பெயர் வேண்டுமென்றால் புது ஃபேனில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அது ஹாலில் இவர் தலைக்கு மேல் ஓடுகிறது.

"எனக்கு அந்த ஃபேனு வேணும்" என்றேன்.

"அம்மனுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேட்டா ஊரு என்ன பேசும்? வேற ஒண்ணு பாக்கலாம் போ."

பாக்கலாம்!

ஏப்ரல் 26, ஞாயிறு

காலைப் பலகாரம் முடிந்ததும் அரிவாள்மனை, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, ஒரு பழைய சாக்கு எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். என் ஃபேன் எங்கேயோ அங்கே என் வேலை.

குப்பண்ணன் பதறிப்போனார். "அம்மிணி, கோயல்ல அரிவாமனையெல்லாம்..."

"பொங்கலுக்குக் காய் அரியறப்ப இங்கதான அரிஞ்சோம்? அப்ப ஆத்தா ஏதாச்சும் சொன்னாளா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். நான் கீரையை ஆய்ந்தேன், வெங்காயம் உரித்தேன், அரிசியில் கல் பொறுக்கினேன். எவ்வளவு சுகமான காற்று. அந்த ஃபேனின் சத்தம் எனக்குத் தெரியும், சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று ஒரு சின்னத் தட்டல். எங்கப்பன் மாட்டிய நாளிலிருந்து அது உண்டு. சர்வீஸ் பண்ணவேயில்லை, பொய்யன்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறும் கீரையும் மட்டும் செய்தேன். குழம்பு இல்லை. "குழம்பு?" என்றார். "அடுப்புகிட்ட நிக்க முடியறதில்லீங்க. டாக்டரு சொல்லியிருக்கறாரு" என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மூன்று நாளாகப் போகிறேன். இப்போது தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி பூக் கட்டுகிறாள், ஒருத்தி புளி கொட்டை எடுக்கிறாள். எல்லோர் வீட்டுச் சமையல்கட்டும் ஒரே லட்சணம்தான் போலிருக்கிறது. எதற்காக வருகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. "ஊட்டுல புழுக்கம்" என்றதோடு சரி. இவர் கமிட்டிக்கு வந்தவர், என்னைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டார். கஞ்சி போட்ட வேட்டி சரசரவென்று சத்தம் போட்டது.

ஏப்ரல் 29, புதன்

பாப்பா போன் பண்ணினாள். இவர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. "இன்னொரு ஃபேன் அனுப்பட்டுமா அம்மா? எதுக்குச் சண்டை? அப்பா பாவம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்பா பாவம், அப்பா பாவம்னு சொல்லிச் சொல்லியே உங்கப்பன இப்படி ஆக்கி வச்சிருக்கறீங்க. எம்பட அப்பன் பாவமில்லையா?" என்று கத்திவிட்டேன்.

மெதுவாக, "அப்புச்சி வாங்கினதா அது? நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையேம்மா" என்றாள். சொன்னதில்லைதான். போனை வைத்துவிட்டேன். அவளிடம் கத்தியிருக்க வேண்டியதில்லை.

மே 1, வெள்ளி

சித்ரா பௌர்ணமி. நாத்தனார் பாவாயி அண்ணி ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். இவருக்கு அக்கா, மாமனாருக்குச் செல்லப் பெண். தம்பி அப்பன் பெயரில் உபயம் செய்திருக்கிறான் என்று போனிலேயே அழுதாராம். அதைப் பார்க்கத்தான் வந்தார்.

அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். சின்ன மண்டபம், தெருவே அடைந்து நின்றது. கைக்குழந்தைகள், ஒரு நிறைமாதப் பெண், சூடப் புகை. இவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு நடுவே வந்து, "குப்பண்ணா, ஃபேன சித்தெ நிறுத்து" என்றார்.

ஓடினால் பெயர் தெரியாதல்லவா? நிறுத்தினால்தானே சூப்பிரண்டு தெரிவார்.

ஃபேன் நின்றது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பாவாயி அண்ணி எழுத்துக்கூட்டிப் படித்து, "அப்பா..." என்று கையெடுத்துக் கும்பிட்டார். இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நிறைமாதக்காரி முந்தானையால் விசிறிக்கொண்டாள். நான் கூட்டத்தில் புகுந்து போய் ஸ்விட்சைப் போட்டேன். "ஒரு நிமிசம் இரு புள்ள, அக்கா இன்னும் பாக்கல" என்று இவர் வந்து அணைத்தார். மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்தார்.

பார்க்கட்டும் என்று தோன்றியது.

"அண்ணி, அது உங்கப்பன் ஃபேனு இல்லீங்க. எங்கப்பன் வாங்கினது. பேரு கருப்பண்ணன். பஸ் பாடி பட்டறையில வெல்டரு. பாப்பாளுக்கு வேர்க்குருன்னு பஸ்ஸுல மடிமேல வச்சுக் கொண்டாந்து அவரே ஏறி மாட்டினது. உங்க தம்பி என்னைய ஒரு வார்த்த கேக்காம எடுத்தாந்து, சர்வீசுல இருக்குதுன்னு பொய்யச் சொல்லிப்போட்டு, உங்கப்பன் பேர எழுதியிருக்கறாரு."

மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான்.

"ஊட்டுப் பேச்செல்லாம் எதுக்குக் கோயல்ல பேசற?" என்றார் இவர்.

"ஊட்டு ஃபேனே கோயலுக்கு வந்துருச்சுங்களே. பேச்சு மட்டும் அங்கயே இருக்குமா?"

பின்னால் எவளோ சிரித்தாள். குப்பண்ணன் ஓடி வந்து, "அம்மிணி, ஆத்தாளுக்குக் குடுத்ததத் திருப்பித் தரமுடியாதுங்க" என்றார்.

"யாருங்க கேட்டா? ஆத்தாளே வச்சுக்கட்டும். பேர மாத்துங்க."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் தரையைப் பார்த்தார். பாவாயி அண்ணி கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. "நெசமாடா சென்னியா?" என்று கேட்டார். அண்ணி கையை இறக்கி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "அழிச்சுப்போடுங்க பூசாரி. அடுத்தவங்க பொருளு மேல எங்கப்பனுக்கு எதுக்குப் பேரு? அவரு மானமாப் பொழச்சவரு."

கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்ட மானஸ்தர்தான். அதை நான் சொல்லவில்லை. அண்ணி எனக்காகப் பேசிய இடத்தில் அதைச் சொல்வது அழகில்லை.

திரை விலகியது. நான் அம்மனைப் பார்த்தேனா என்று ஞாபகமில்லை. இவர் எப்போது போனார் என்றும் தெரியவில்லை.

மே 3, ஞாயிறு

நேற்று முழுக்க இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இட்லி வைத்தேன், சாப்பிட்டார்.

இன்று காலை கோயிலுக்குப் பெயிண்டர் வந்தான். இறக்கையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். 'உபயம்' அப்படியே இருக்கட்டும் என்றேன். அடுத்ததில் 'கருப்பண்ணன்' எழுதினான். மூன்றாவதில் என்ன எழுத என்று கேட்டான். மகள் பெயரைப் போடலாமே என்றார் குப்பண்ணன்.

"வெல்டர்னு போடு" என்றேன்.

காயும்வரை நின்று பார்த்தேன். எனாமல் நெடி கண்ணைக் கரித்தது, அதனால்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெண்கள் சும்மா இல்லாமல் என்னையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் சமையல்கட்டில் டர்ரென்று சத்தம். ஜெயசீலன் தளத்தில் ஓட்டை போடுகிறான். இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தலையெல்லாம் சிமெண்ட் தூள். கடையில் புதிதாக வாங்கிய வெள்ளை ஃபேன், சாதாரண ஃபேன். சுவரில் ரெகுலேட்டர். வாஸ்து எங்கே போனது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. மாவு டப்பாக்களையெல்லாம் மூடாமல் ஓட்டை போட்டிருக்கிறார்கள், ஒரு டப்பா ராகி மாவு பாழ். அதைத்தான் சொன்னேன்.

மே 4, திங்கள்

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. பத்து மணிக்கே தளம் கொதித்தது.

பருப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஃபேனைப் போட்டேன். காற்றுக்குத் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து நீலமும் மஞ்சளுமாக அலைந்தது. பருப்பு கொதிக்கவேயில்லை. ஹாலிலிருந்து இவர், "தீ அலையுதா? ரெண்டுல ஒண்ண அணைச்சுக்க புள்ள" என்றார்.

அடுப்பை அணைத்தேன்.

ஃபேனுக்கு நேர் கீழே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தேன். காற்று கழுத்துக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன், தலை சுற்றவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் வந்து நின்றார். "சோறு?"

"காத்து நல்லா வருதுங்க" என்றேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தினால் திருப்பிக் கொடுக்க எல்லாம் தயாராக வைத்திருந்தேன். உள்ளே வந்தார். லைட்டரைத் தேடினார். கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு நாலு டப்பாவைத் திறந்து பார்த்தார். நான் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்து, எட்டிப் பிடித்துப் பற்றவைத்தார். தீ மறுபடி அலைந்தது. ஸ்விட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்விட்சுப் பக்கம் போகவில்லை.

அடுப்புக்கு முன்னால் நெருங்கிப் போய் நின்றுகொண்டார், காற்று தீயில் படாமல் உடம்பால் மறைத்தபடி. தீ நிமிர்ந்தது. பருப்பு கொதிக்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்திருந்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். சட்டை முதுகு முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டது. வியர்வை காது வழியாக இறங்கிக் கழுத்துக்குப் போனது.

திரும்பாமலே கேட்டார். "தெனமும் இப்பிடித்தானா?"

எத்தனையோ பதில் இருந்தது. என் பங்குக்குக் காற்று வந்துகொண்டிருந்தது.

"அடி பிடிக்குதுங்க, கிண்டுங்க" என்றேன்.